செல்வி, திருமதி, மதாம்

எங்கள் கல்லூரியின் நேரசூசியில் ஆண் ஆசிரியர்கள் எல்லோரும் ‘திரு’. ஆசிரியைகளை மட்டும் செல்வி, திருமதி என்று பிரித்திருப்பார்கள். கலியாண லீவு முடிந்து வரும் ரீச்சருக்கு அடைமொழியும் மாறும், பெயரின் பின்பாதியும் மாறும். பிரான்சிலும் நெடுங்காலம் இதே வழக்கம்தான்: மணமானவர் மதாம், ஆகாதவர் மத்மசெல்.

2012 பெப்ரவரி 21இல் பிரதமர் பிரான்சுவா ஃபியோன் விடுத்த சுற்றறிக்கை, அரச படிவங்களிலிருந்து மத்மசெலை எடுக்கச் சொன்னது. ஆண்களுக்கான முசியே என்ற அடைமொழி மணநிலையைக் கேட்பதில்லை. மதாமும் இனிக் கேட்காது என்பதே அதன் பொருள். நல்ல முடிவு, பிந்தி வந்த முடிவு. பேச்சுக்கு இது தடையில்லை. இளம்பெண்களை மத்மசெல் என்போர் இன்றும் உண்டு. ஆனால் வளர்ந்த பெண் எவரையும் மதாம் என்றால் பிழையாகாது.

பிரான்சில் வாழும் எங்கள் பெண்கள் இடறுவது, படிவத்தில் பெயர் எழுதும் இரண்டு கட்டங்களில். முதலாவது ‘நொம் து நெசான்ஸ்’, அதாவது பிறப்புப் பெயர்; இரண்டாவது ‘நொம் துசாஜ்’, பாவனைப் பெயர். பிறப்புப் பதிவிலுள்ள பெயரைத் தவிர வேறெதையும் எவரும் தரிக்கக்கூடாது என்ற 1794ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே கலியாணம் பெயரை மாற்றுவதில்லை. கணவர் பெயர் பாவனைக்கு மட்டுமே, அதுவும் விரும்பினால்தான். ஊர் வழக்கப்படி அதை முதற்கட்டத்தில் எழுதினால், வதிவிட அட்டையில் ஒரு பெயர், மருத்துவக் காப்புறுதியில் இன்னொரு பெயர் என்றாகி விண்ணப்பம் திரும்பி வரும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து முதற்கட்டத்தில் எழுதுங்கள். கணவர் பெயர் இரண்டாவதில்; வேண்டாமென்றால் வெறுமையாக விடலாம்.

கடிதத்தை ‘மதாம்’ என்ற சொல்லோடும் காற்புள்ளியோடும் தொடங்குவார்கள். குடும்பப் பெயரைச் சேர்ப்பது மரியாதைக் குறைவு. வாசிப்பவர் யாரென்று தெரியாவிட்டால் ‘மதாம், முசியே’. எந்த விளியில் தொடங்கினீர்களோ, அதுவே முடிவு வாக்கியத்துக்குள்ளும் மாறாமல் வரவேண்டும். சுருக்கெழுத்து விளிக்கு ஆகாது, உறையிலுள்ள முகவரிக்கு ஆகும்: பெண்ணுக்கு எம்‑எம்‑ஈ, புள்ளியில்லை, ஆணுக்கு எம், புள்ளியோடு. ஆங்கிலப் பழக்கத்தில் எம்‑ஆர் என்று எழுதுவது பிழை.

பதவியிலிருப்பவருக்குப் பதவியும் சேரவேண்டும். சங்க விழாவுக்கு நகரசபை மண்டபம் கேட்டு எழுதும்போது, மேயர் பெண்ணானால் ‘மதாம் லா மேர்’. பழைய ஆண்பால் வடிவமான ‘மதாம் ல மேர்’ என்பதையே விரும்பும் மேயர்களும் இருக்கிறார்கள். நகரசபை மடல்களில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.