டர்பனில் முன்னோரைத் தேடுவது: தினசரிப் பழக்கம் எங்கே அறுந்தது, எப்படி மீண்டும் பிடித்தேன்

புரட்டாசியில் பெரியவர்களுக்குப் படையல் போடும் நாளில் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் எல்லோருக்கும் குடும்ப வரலாற்று ஆர்வம் வந்துவிடும். இந்தியாவிலிருந்து யார் எந்தக் கப்பலில் ஒப்பந்தக் கூலியாக வந்தார்கள், எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று பேச்சு நடக்கும், யாராவது போனில் பதிவும் செய்வார்கள். தை பிறப்பதற்குள் எல்லாம் நின்றுபோகும். சோம்பலால்தான் நிற்கிறது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏதோ ஒரு அலுவலகம் தர வேண்டிய காகிதத்துக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறோம், அது வரவில்லை, தேடலும் அங்கேயே படுத்துவிடுகிறது.

நான் நேரத்தை மாலை விளக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். விளக்கேற்றியதும் இருபது நிமிடம், அவ்வளவுதான். இடம் பிடிப்பதிலோ நோட்டு வாங்குவதிலோ சிரமம் ஒன்றும் இல்லை. முதல் வாரங்கள் முழுக்க வீட்டில் இருந்த காகிதங்களைப் போட்டோ எடுப்பதிலேயே போயின. இசிபிங்கோவில் இருக்கும் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து படமெடுத்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தப் பெட்டி தண்ணீரில் மூழ்கியது. தாள்கள் கூழாகிவிட்டன, படங்கள் என்னிடம் இருக்கின்றன. பெரியம்மா அவற்றைப் பார்த்து அழுதார். அதனால் யார் என்ன கேட்டாலும் என் முதல் பதில் ஒன்றுதான்: ஆராய்ச்சி அப்புறம், இன்றைக்கே படம் எடுங்கள்.

பழக்கம் அறுந்தது அலுவலகத்தில்தான். ஆயாவுடைய அப்பாவின் பெயர் எப்படிப் பதிவானது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்கு ஆயாவின் பிறப்புப் பதிவேட்டில் கையால் எழுதிய மூலப் பக்கத்தின் நகல் வேண்டும். வால்ட் காப்பி என்று கேட்க வேண்டும். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றேன். கவுண்டரை நெருங்கும்போது, "ஆன்ட்டி, சிஸ்டம் ஆஃப்லைன், நாளைக்கு வாங்க" என்றார்கள். அடுத்த முறை போனால் படிவம் மாறிவிட்டதாம். அதற்கும் அடுத்த முறை வாங்கிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு உறையைப் பிரித்தால் கம்ப்யூட்டரில் அச்சடித்த சான்றிதழ். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. நான் கேட்டது இது இல்லையே என்றேன். "இதுதான் வரும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையன் அடுத்தவரைக் கூப்பிட்டான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

வால்ட் காப்பி கேட்பவர்கள் படிவத்தின் மேலேயே பெரிய எழுத்தில் அதை எழுதுங்கள். கையெழுத்துப் பதிவேட்டின் ஒளிநகல் வேண்டும், அச்சுச் சான்றிதழ் வேண்டாம் என்று தனியாகவும் ஒரு வரி எழுதுங்கள். பணம் கட்டிய ரசீதையும், வாங்கிக்கொண்டவர் போட்ட முத்திரையையும் அங்கேயே நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் நோட்டை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் பிறர் கையில் இருப்பவை: விண்ணப்பங்கள், பதில் வராத மின்னஞ்சல்கள், போன் செய்வதாகச் சொன்ன சித்தப்பா. வலது பக்கம் நான் ஒருத்தியே செய்யக்கூடியவை. விளக்கேற்றிய பிறகு வலது பக்கத்தை மட்டும்தான் தொடுவேன். இடது பக்கத்தைச் சனிக்கிழமை காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். ஒவ்வொரு நாளும் வேலையை முடித்து மேசையிலிருந்து எழுந்திருக்கும் முன் நாளைக்கான ஒரு கேள்வியை எழுதி வைத்துவிடுவேன். "கொள்ளுத்தாத்தாவைத் தேடு" என்று எழுதினால் மறுநாள் கை ஓடாது. "கேட்டோ மேனரில் நிலம் இருந்ததா?" என்று டர்பனின் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு எழுதினால் உடனே தொடங்கலாம். தேடிக் கிடைக்காதவற்றையும், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினேன் என்பதோடு குறித்து வைத்தேன். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அதே தேடலைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போவோம்.

லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, மோசமாக இருந்த மாதங்களில் இணையம் இல்லாத வேலையை இருட்டு நேரத்துக்கு ஒதுக்கினேன். பழைய படங்களின் பின்புறம் எழுதியிருப்பதைப் படிப்பது, பெரியம்மாவுக்குப் போன் போடுவது மாதிரியான வேலைகள்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தொல்லை. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்ற பெயரையே பாருங்கள். முதல் எழுத்துக்குப் பிறகு யூ வரலாம், ஓ வரலாம், இரட்டை ஓ வரலாம். கடைசியில் ஒய் வரலாம், இரட்டை ஈ வரலாம். அதோடு நேட்டாலில் (டர்பன் இருக்கும் மாகாணத்தின் பழைய பெயர்) அப்பாவின் பெயர் பல வீடுகளில் பிள்ளைகளின் குடும்பப் பெயராகிவிட்டது, சில வீடுகளில் சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூடப்பிறந்த சகோதரர்களே வேறு வேறு குடும்பப் பெயரில் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு எழுத்துக்கூட்டல் என்று வைத்துக்கொண்டால் சலிக்காது.

அப்படித்தான் கிடைத்தது. இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1950 வரையிலான கோப்புகளில் பலவற்றை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கியே பார்க்கலாம். கொள்ளுத்தாத்தா காலமானது 1940களில். நான் நினைத்தே பார்க்காத ஒரு எழுத்துக்கூட்டலில் அவருடைய கோப்பு வந்து நின்றது. மரண அறிவிப்புப் படிவத்தில் மனைவி பெயர், பிள்ளைகள் எல்லோருடைய பெயர், அதில் எங்கள் ஆயா! கோப்பின் கடைசியில் கல்யாணப் பதிவின் நகல் ஒன்று இருந்தது. அதில் இருவருடைய கொலோனியல் நம்பரும், அதாவது கூலியாக வந்தபோது ஒவ்வொருவருக்கும் போட்ட எண்ணும், இருந்தன. அலுவலகம் மாதக்கணக்கில் தராததை வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தேன். சமையலறையில் இருந்த அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

அந்த நம்பர் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்தே எந்தக் காலத்தில் வந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கப்பல் பட்டியல்களை வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது வட ஆற்காடு ஜில்லா, போளூர், இடது முழங்காலில் தழும்பு. வயதையும் சாதியையும் அப்படியே நம்பிவிட வேண்டாம், சொன்னதையோ தோன்றியதையோ எழுதியவை அவை. ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அப்போதுதான் பிடிபடும்.

காப்பகத்துக்கு நேரில் போவதானால் முதலில் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடி டெப்போ, சோர்ஸ், வால்யூம், ரெஃபரென்ஸ் நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். டெப்போவில் என்ஏபி என்றிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிபிடி என்றிருந்தால் டர்பன். இதைப் பார்க்காமல் கிளம்பினால் 80 கிலோமீட்டர் வீணாகும். பென்சில் கொண்டு போங்கள், படமெடுக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் நேரில் போன நாள் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது, அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா கோப்பை எடுத்துக் கொடுத்துப் பக்கத்தையும் காட்டினார்.

பட்டியலில் உங்கள் ஆள் கிடைத்ததும் மூடிவிடாதீர்கள். அவருக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் படியுங்கள், சேர்ந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு அடுத்த எண்ணில் அதே ஊர், அதே தகப்பன் பெயரோடு ஒரு பெண் இருக்கிறார், வயது பதினாறு. அந்தப் பெண்ணை அனுப்பிய இடம் அம்சிண்டோ பக்கத்துத் தோட்டம், கொள்ளுத்தாத்தாவை அனுப்பியது மவுண்ட் எட்ஜ்கோம்ப். எங்கள் வீட்டில் யாருமே ஒரு தங்கையைப் பற்றிச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் எண்ணை வைத்து அம்சிண்டோ பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறேன், அது இடது பக்கத்தில் இருக்கிறது. வலது பக்கத்தில் அவர் பெயரின் எழுத்துக்கூட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. இன்றைக்கு இரட்டை ஓ.