மேடில்லாத மட்டக்களப்பில் 21 கிலோமீற்றர்

மட்டக்களப்பில் ஓர் அரை மரதன் என்று வட்சப்பில் செய்தி வந்ததும் எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தட்டை ரோடு. நேரத்தைக் குறைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது." வரைபடத்தைப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. காந்திப் பூங்காவில் தொடங்கி, கோட்டமுனைப் பக்கம் போய், கல்லடிப் பாலம் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகத் தாழங்குடா வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் போடப்பட்ட ரோடு அது. பாலங்களில் ஏறி இறங்குவதைத் தவிர ஏற்றமே இல்லை. வங்கியில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தே தீருவேன் என்று கைக்கடிகாரத்தில் கணக்கெல்லாம் போட்டுவிட்டார்.

கொழும்புக் கோட்டையில் காலையில் உதயதேவி ரயில் ஏறினோம். கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்குப் போகிறவர்கள் பிரிந்துபோக, பெட்டியில் கால் நீட்ட இடம் கிடைத்தது. பொலன்னறுவை தாண்டி மகாவலியைக் கடந்த பிறகு இரு பக்கமும் காடும் வறட்சியும்தான். வாழைச்சேனை வரும்போது ஜன்னலால் வந்த காற்று முகத்தைச் சுட்டது. ஆடி மாதம். கச்சான் வீசும் காலம்.

கச்சானைப் பற்றி வரைபடம் ஒன்றும் சொல்லாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கேயும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் காய்ந்து, சூடேறி, கிழக்குக் கரைக்கு இறங்கி வருகிறது. கொழும்பில் குடை பிடிக்கிற மாதத்தில் மட்டக்களப்பில் புல் கருகுவது இதனால்தான். கல்லடியில் நாங்கள் தங்கிய வீட்டு ஐயாவிடம் மறுநாள் ஓட்டம் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை மைல் என்பதல்ல. "எத்தின மணிக்கு முடியும் மனே? ஒம்பது மணிக்கு மேல றோட்டுல நிக்க ஏலா" என்றார்.

அன்று மாலை கால்களைத் தளர்த்த மெல்ல நடந்து திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடலுக்குச் சாய்ந்த கோபுரத்தை நண்பர்கள் படம் எடுத்தார்கள். இரவுக்கு இடியப்பமும் சொதியும். நண்டுக்கறி வாசம் பக்கத்து மேசையிலிருந்து வந்தது. ஓட்டத்துக்கு முதல் நாள் நண்டு வேண்டாம் என்பது எங்கள் குழுவின் எழுதாத சட்டம். மட்டக்களப்பில் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது கொஞ்சம் கொடுமை.

காலை ஐந்து மணிக்கு ஓட்டம் என்று அறிவித்திருந்தார்கள். நாலரைக்கே காந்திப் பூங்கா நிறைந்துவிட்டது. 1814இல் கடல் கடந்து வந்து இறங்கிய மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட்டின் சிலைக்குக் கீழே பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து இலக்கத் துண்டுகளை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள். பத்து கிலோமீற்றர் ஓடப் போகிறவர்கள். பாதிப் பேர் காலில் சப்பாத்து இல்லை. அவர்களைச் சுற்றி ஒரு பழைய சைக்கிளில் வட்டமடித்தபடி ஒரு விளையாட்டு ஆசிரியர், "முதல் மைலில் பறக்க வேண்டாம், பறக்க வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பொலிஸ், இராணுவ அணிகளின் பிள்ளைகள் ஒரு பக்கம். தலவாக்கலையிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் இன்னொரு பக்கம், மெல்லிய உடம்பு, பேச்சே இல்லை. மலையகத்து ஓட்டக்காரர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமார் சண்முகேஸ்வரன் நினைவுதான் வரும். 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் பெயரெடுத்தவர், அந்த மலைகளில் ஓடி வளர்ந்தவர். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஒரு ஆசிரியை, ஐம்பதை நெருங்குபவர், படியில் உட்கார்ந்து கால்விரல்களுக்கு நடுவே நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

பிறகு வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. ஐந்தேகாலும் தாண்டியது. கிழக்குக் கரையில் ஓட்டம் வைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: விருந்தினரை முடிவில் பேச விடுங்கள். இங்கே ஆடி மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடலிலிருந்து எழுந்துவிடும். இருட்டில் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் ஓட்டக்காரனுக்குக் காசு.

ஒருவழியாக விசில் ஊதினார்கள். புளியந்தீவிலிருந்து பாலம் தாண்டிக் கோட்டமுனை, அங்கிருந்து அரசடி. ரோட்டு விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் அடிக்கும் சத்தம் மட்டும். கல்லடிப் பாலத்துக்கு வரும்போது வானம் வெளுத்திருந்தது. 2013இல் திறந்த புதிய பாலத்தில்தான் ஓட்டம். பக்கத்திலேயே 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், ஆளுநர் மனைவி மனிங் சீமாட்டியின் பெயரோடு. அதில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முழுநிலவு இரவில் இந்தத் தண்ணீருக்குள் துடுப்பை விட்டுக் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்டது என் மூச்சுத்தான்.

கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தையும் விபுலானந்த அடிகளின் சமாதியையும் கடந்தோம். தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் வெள்ளை உடுப்பில் ஓரமாக நின்று வழிவிட்டன. டியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகள் சைக்கிளில் எங்களோடு கொஞ்சத் தூரம் வந்தார்கள், எங்களைவிட மெதுவாக மிதிக்கக் கஷ்டப்பட்டு. ரோட்டை முழுக்க மூடவில்லை; ஒரு பக்கம் கல்முனை பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. கொழும்பில் என்றால் முகம் சுளித்திருப்பேன். இங்கே அது சரியாகத்தான் பட்டது. பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டு போனார்கள்.

காத்தான்குடியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுத வேண்டும். ஊர் தொடங்கியதும் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள், குலைகளுக்கு வலை கட்டி. சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர்கள் தேத்தண்ணிக் கடை வாசல்களில் கூடி நின்றார்கள். எந்த ஏற்பாட்டாளரும் அவர்களிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு கடைக்காரர் தட்டில் பேரீச்சம்பழம் வைத்திருந்தார், இன்னொருவர் தேசிக்காய்த் தண்ணீர், மூன்றாமவர் குழாயில் பைப்பை மாட்டிக்கொண்டு, "தண்ணி அடிக்கவா?" என்று ஒவ்வொருவரிடமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தலையை மட்டும் காட்டினேன். சப்பாத்து நனைந்தால் கொப்புளம் நிச்சயம். என் முன்னால் ஓடிய பையன் முழுசாக நனைந்து கூத்தாடிக்கொண்டு போனான். மதில் மேலால் எட்டிப் பார்த்த ஒரு சிறுமி, "எங்க போறீங்க எல்லாரும்?" என்று கேட்டாள். தாழங்குடாவுக்கு என்றேன். "அங்க என்ன இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை, தொட்டுவிட்டுத் திரும்பி வருவோம் என்று சொல்வதற்குள் கடந்துவிட்டேன்.

ஆரையம்பதி தாண்டும்போது வெயில் இடது கன்னத்தில் அறைந்தது. தாழங்குடாவில் ஒரு மேசை, இரண்டு கதிரை, பேனையும் கொப்பியுமாக இலக்கம் எழுதும் இரண்டு இளைஞர்கள். நேரம் பதியக் காலில் கட்டும் சிப், அதைப் படிக்கும் பாய் எதுவும் இல்லை. "கிறுகிப் போங்க அண்ணே, கிறுகிப் போங்க!" என்று கத்தினார்கள். கிறுகினேன். இனி வலது கன்னத்தின் முறை.

தட்டை ரோடு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது அங்கேதான். ஏற்றம் என்றால் கண்ணுக்குத் தெரியும், வேகத்தைக் குறைப்போம். இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்வோம். இங்கே கால் ஒரே அடியைத்தான் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே சூடு மட்டும் ஏறும். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, அது காய்ந்தால்தான் குளிரும். அதிகாலையில் கச்சான் இன்னும் எழும்பவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே அசையாத ஈரக்காற்று. நீத்துப்பெட்டிக்குள் புட்டு அவிவதுபோல அவிந்தோம். வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது, காயவில்லை. சூட்டை வெளியேற்ற இதயம் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். காலுக்குப் போவதற்கும் அதே இரத்தம்தான். அதனால் அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டிவரும்.

வங்கி நண்பரை நாவற்குடாவுக்குக் கிட்ட பிடித்தேன். வேலி ஓரத்தில் குந்தியிருந்தார். கடிகாரத்தைக் காட்டினார்: நடக்கிற வேகம்தான், இதயத் துடிப்பு 170க்கு மேல். பக்கத்தில் இருந்த முதலுதவிக் கூடாரத்து மருத்துவ மாணவி ஜீவனி என்ற உப்புச் சீனித் தூள் பக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, "வெறும் தண்ணியாவே குடிச்சுக்கொண்டு வந்தீங்களா சேர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். வியர்வையில் உப்பும் போகிறது. அந்த நேரத்தில் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும், தலைசுற்றும், மோசமானால் மயக்கமே வரும் என்று பொறுமையாக விளக்கினாள். இரண்டு மணி நேரக் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. பிறகு அவர் எழும்பி நடந்தே முடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன்பு ஒரு தண்ணீர் மேசை வெறும் மேசையாக இருந்தது. வெற்றுப் போத்தல்கள், காலிப் பெட்டி, கையை விரித்த ஒரு பையன். பத்து கிலோமீற்றர்ப் பிள்ளைகளுக்கும் அரை மரதனுக்கும் ஒரே மேசை என்று வைத்தவர்கள் கணக்கில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். இந்த வெயிலில் அது சின்னப் பிழை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கேற்றைத் திறந்து கிணற்றடியைக் காட்டியிராவிட்டால் எங்களில் சிலர் கூடாரத்தில்தான் முடிந்திருப்போம். வாளியால் தலையில் ஊற்றிக்கொண்ட அந்தத் தண்ணீர்தான் அன்றைய ஓட்டத்தின் சிறந்த ஒரு நிமிடம்.

கல்லடிப் பாலத்துக்கு முன் அந்த ஆசிரியையின் பக்கத்தில் ஓடினேன். ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது; நாலு நிமிடம் ஓடுவார், ஒரு நிமிடம் நடப்பார், தொடக்கத்திலிருந்தே அப்படித்தானாம். வருடா வருடம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர். பொத்துவில், உகந்தை, குமண, யால என்று காட்டு வழியால் நாள்கணக்கில் நடந்த கால்கள். "ரோட்டோட சண்டை பிடிக்கக் கூடாது தம்பி. காலைப் பார்த்துக்கொண்டால் கால் நம்மைக் கொண்டுபோகும்" என்றார். நல்லெண்ணெய் எதற்கு என்று கேட்டேன். உராய்வு குறையும், கொப்புளம் வராது என்றார். விலை கூடிய வசலினோடு வந்தவர்கள் பலர் நொண்டிக்கொண்டு போனதை அன்று பார்த்தேன்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாக எனக்கு ஆனது. கழுத்தில் பதக்கம், கையில் ஒரு கோப்பை நெஸ்டமோல்ட். புல்லில் விழுந்து கிடந்தவர்களிடம் சித்தாலேப வலித் தைல டப்பா ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. பிறகு நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை நாலு பேரும் சேர்ந்து காலி பண்ணினோம். அன்று மத்தியானம் நண்டும் வந்தது. கச்சானும் வந்தது, கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்து ரோட்டில் போட்டது. ஒன்பது மணிக்கு மேல் நிற்க முடியாது என்று ஐயா சொன்னது எதை என்று அப்போது புரிந்தது.

இங்கே முழு மரதனும் வைக்க வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். 42.195 கிலோமீற்றர் என்றால் இதே வழியை இரண்டு தரம். என் அபிப்பிராயம், வைப்பதானால் தை மாசி மாதம், அதிகாலை மூன்று மணிக்கு, உரைகள் இல்லாமல். ஆடியில் வேண்டவே வேண்டாம்.

வென்றது தலவாக்கலைத் தம்பி, அண்ணன் மூன்றாவது. பரிசளிப்பு முடிந்து அவர்களோடு பஸ் நிலையம் வரை நடந்தோம். குளிர் மலையில் பழகியவர்களுக்கு இந்தச் சூடு எப்படி என்று கேட்டேன். "எங்க ஊர்ல ஏத்தம் எங்க இருக்குன்னு தெரியும்ணே. இங்க மொத்த ரோடும் ஏத்தம்தான், வெயில் ஏறுது" என்றான் தம்பி. திங்கட்கிழமை இருவருக்கும் வேலை. செங்கலடிச் சந்தியில் இறங்கிப் பதுளை பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னும் பஸ் மாற வேண்டும். வெற்றிக் கிண்ணம் பையில் கொள்ளவில்லை. கண்டக்டர் அதை வாங்கிச் சாரதிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "இதுக்கும் ரிக்கற் எடுக்கோணும்" என்றார். அண்ணன் உண்மை என்று நினைத்துக் காசை எடுத்துவிட்டான். பஸ்ஸே சிரித்தது.