வேலிக்குள் வந்த உரம்

நான்கு பாத்திகளில் நட்டிருந்த தக்காளியின் கொழுந்துகள் ஒரே வாரத்தில் கிண்ணம்போல் உட்குழிந்து முறுக்கிக்கொண்டதைப் பார்த்தபோது, இலைச்சுருட்டை நோய் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்நோயைப் பரப்பும் வெள்ளை ஈ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் செடிகளும் அதே கோலத்தில் நின்றன. அவற்றை ஒட்டி வளர்ந்த மக்காச்சோளம் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பச்சைப்பசேலென்று இருந்தது. எங்கள் சொந்த மட்கு உரத்தை இட்டிருந்த பாத்திகளில் தக்காளியும் நன்றாகவே இருந்தது. வாடிய பாத்திகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தது, அந்தப் பருவத்தில் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட தொழுவுரம்.

அமினோபைரலிட், க்ளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லினத்தை ஒன்றும் செய்யா. அதனால் மேய்ச்சல் நிலத்திலும் தீவனப்புல் விளையும் நிலத்திலும் அவற்றைத் தெளிக்கிறார்கள். அந்தப் புல்லை மாடு தின்றாலும் மருந்து அதன் வயிற்றில் பெரிதாகச் சிதையாமல் சாணத்துடனும் சிறுநீருடனும் வெளியேறிவிடுகிறது. உரக்குவியலில் மாதக்கணக்கில் மட்கிய பிறகும் மிச்சம் இருக்கக்கூடும். தக்காளியையும் அவரை இனத்தையும் உருக்குலைக்க அதில் மிகச் சிறிதளவே போதும், மக்காச்சோளம் புல்லினம் என்பதால் தப்பித்துக்கொள்ளும். உரம் கொடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் தீவனத்தை வேறொருவரிடம் வாங்கியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் வாங்கிய என்மீதுதான் வருத்தம்.

அதுவரை “ரசாயனம் இல்லாத பண்ணை” என்று சொல்லும்போதெல்லாம், நான் எதையும் தெளிப்பதில்லை என்பதையே மனத்தில் வைத்துச் சொல்லிவந்தேன். வேலிக்குள் நுழையும் வைக்கோல், சாணம், நாற்றுத்தட்டு மண், விதைமேல் பூசியிருக்கும் மருந்து என ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொல் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்தப் பருவத்தில்தான் உறைத்தது. அருகில் இருப்பவர்களுக்கே விற்கிறோம் என்பதால் மறைக்க வழியும் இல்லை, மறைக்க மனமும் வரவில்லை. வழக்கமாக வாங்குபவர்கள் ஒவ்வொருவரிடமும் நடந்ததை நேரில் சொல்லி, அந்தப் பாத்திகளிலிருந்து இந்தப் பருவம் எதுவும் வராது என்று தெரிவித்தேன். இரண்டு பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டு, இருந்ததை வாங்கிச் சென்றார்கள்.

அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியவை மூலிகைப் பாத்திகள்தாம். திருநீற்றுப்பச்சிலையைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் அந்த இடத்திலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும். முறையாகக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரே செடி பருவம் முழுவதும் கொடுக்கும். அந்த இலைக்குக் குளிர் ஆகாது. ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் கறுத்துப்போகும் என்பதால், மற்றக் கீரைகளோடு குளிர்வண்டியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்ப ஏற்ற சரக்கு அன்று. காலையில் பனி உலர்ந்ததும் வெயில் ஏறுவதற்குள் பறித்து, அன்றே ஒருவர் கையில் சேர்ப்பதுதான் அதற்குப் பொருத்தமான வணிகம். சிறிய பண்ணைக்கு இயல்பாக அமைந்த வசதியும் அதுவே. புதினா அப்படிப்பட்ட செல்லப்பிள்ளை அன்று. அடித்தண்டு ஓடி அடுத்த பாத்தியையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டியில் அடக்கி வளர்க்கிறேன்.

கொத்தமல்லியில் ஒரு வரிசையை அறுக்காமல் பூக்க விடுகிறேன். விற்கக்கூடிய கீரையை இப்படி விட்டுவைக்கலாமா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அந்தச் சிறு வெண்பூக்களில் தேனுண்ண வரும் மிதவை ஈக்கள், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்த செடிகளில் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் புழுக்கள் அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சிவிடுகின்றன. அசுவினி பெருகியபின் இவை பெருகச் சில நாட்கள் பிடிக்கும். செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டே எதையும் தெளிக்காமல் அந்த நாட்களைக் கடப்பதுதான் இந்த வேளாண்மையில் எனக்கு மிகக் கடினமான வேலை. அப்போதெல்லாம் இலையின் அடிப்புறத்தில் அசுவினியைத் தின்னும் ஒரு பொறிவண்டுப் புழுவையாவது கண்டுவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புவேன்.

இப்போது வெளியிலிருந்து உரம் வாங்குவதற்கு முன் அதில் ஒரு கூடை மட்டும் கேட்டு வாங்கிவருகிறேன். அதை எங்கள் மண்ணுடன் சரிபாதி கலந்து மூன்று தொட்டிகளிலும், வெறும் எங்கள் மண்ணை இன்னும் மூன்று தொட்டிகளிலும் நிரப்பி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை ஊன்றி, மூன்று சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலைகளில் மூன்றாவது விரியும்வரை காத்திருக்கிறேன். ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. உரம் கொடுப்பவர்களுக்குத் தொடக்கத்தில் இது பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. முறுக்கிய இலையையும் நேராக விரிந்த இலையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிய பிறகு, அவர்களில் ஒருவர் தாம் வாங்கும் தீவனத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். கெட்டுப்போன பாத்திகளில் இந்தப் பருவமும் மக்காச்சோளமே நிற்கிறது. அதன் ஓரத்தில் சோதனைக்காக ஊன்றிய பத்து பீன்ஸ் விதைகளில் எட்டு முளைத்திருக்கின்றன. முதல் இலைகள் தட்டையாகவே விரிந்துள்ளன. கூட்டிலைகள் இனிமேல்தான் வர வேண்டும்.