தாராசுரத்தில் ஒரு பின்கட்டுச் சுவர்

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில், தாராசுரத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டில் வடக்குச் சுவரின் பூச்சு மூன்றடி உயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த செங்கல், சுண்ணாம்புக் காரையோடு சேர்ந்து விரல் பட்டாலே உதிர்ந்தது. மேலே ஓட்டுக் கூரையைத் தாங்கிய கைமரங்களில் நான்கைக் கரையான் அரித்திருந்தது. பார்க்க வந்த மேஸ்திரி, "இதுல பூசி வேலை இல்லைங்க. பின்கட்ட மட்டும் தள்ளிட்டு, அதே அளவுல காங்கிரீட் போட்டுரலாம். அதே இடம், அதே உயரம்; இதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. புதிதாக ஓர் அடி நிலத்தைக்கூட எடுத்துக்கொள்ளாத வேலைக்கு அனுமதி எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

மதிப்பீடு வாங்குவதற்காகக் கும்பகோணத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். எத்தனை சதுர அடி என்று அவர் கேட்கவில்லை. ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்றுதான் முதலில் கேட்டார். கைப்பேசி வரைபடத்தில் கோபுரத்திலிருந்து எங்கள் வாசல்வரை அளந்து, நூற்றுப் பத்து மீட்டர் இருக்கும் என்றேன். கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்று சொல்லி, மறுநாள் நாடாவோடு வந்தார். அவர் அளந்தபோது எங்கள் பின்கட்டு எண்பத்தெட்டாவது மீட்டரில் வந்தது.

நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் குறைந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் குறைந்தது 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்திருக்கிறது. வெளிவட்டத்தில் இருப்பவர்கள் உரிய அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் புதிதாகக் கட்டலாம், இடித்துக் கட்டலாம், பழுதும் பார்க்கலாம். உள்வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடாகவோ, அதன் பிறகு முறைப்படி ஒப்புதல் பெற்றுக் கட்டிய வீடாகவோ இருந்தால், அதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

மேஸ்திரி சொன்ன "அதே இடம், அதே உயரம்" என்ற வாதம் எங்களைக் காப்பாற்றும் என்று நான் நம்பியிருந்தேன். சட்டத்தில் அந்தச் சொற்களுக்கு நேர் எதிரான விளைவு இருக்கிறது. முன்பிருந்த கட்டடத்தின் அதே நீள அகலத்துக்கும் அதே உயரத்துக்கும் உட்பட்டு எழுப்புவதைத்தான் சட்டம் மறுகட்டுமானம் என்கிறது. இருக்கின்ற கட்டடத்தில் செய்யும் மாற்றங்களைப் பழுதுபார்ப்பு என்கிறது. உள்வட்டத்தில் பழுதுபார்ப்புக்கு இடம் உண்டு, மறுகட்டுமானத்துக்கு இல்லை. ஆகவே, சுவர் நிற்கின்றவரை அது பழுதுபார்க்கத்தக்க வீடு. அதை நாமே இறக்கிவிட்டால், மறுநாள் அது வெறும் மனை, அந்த மனையில் எதையும் எழுப்ப முடியாது. பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்கு இது தெரியாமல் போயிற்று. அவர் வீடு எங்கள் வீட்டைவிடக் கோயிலுக்கு நெருக்கம். மகள் திருமணத்துக்குள் முன்புறத்தை மாடியாக்கிவிடலாம் என்று, திண்ணையையும் ரேழியையும் பிரித்து, தேக்குத் தூண்களை விற்றுவிட்டார். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டிய மூன்றாம் நாளே வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த இடத்தில் இன்று ஆமணக்குச் செடி வளர்ந்து நிற்கிறது. திருமணம் மண்டபத்தில் நடந்தது. அதன் பிறகு அவர் அந்தத் தெருவுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

இந்த இரண்டு வட்டங்களுக்கும் வெளியே வழக்கமான தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, இதைவிட எளிது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, வெள்ளையடிப்பது, வண்ணம் பூசுவது, பூச்சு வேலை, தரையை மாற்றிப் போடுவது, ஜன்னலுக்குக் கம்பிக் கிராதி வைப்பது, கட்டமைப்பில் கை வைக்காத உள் அலங்கார வேலை ஆகியவற்றுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. ஆனால் மொட்டை மாடியில் சுவர் எழுப்பி ஓர் அறை போடுவதும், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் கழிப்பறை கட்டுவதும், வாசல் அறைக்கு ஷட்டர் போட்டுக் கடையாக்குவதும் சின்ன வேலைகளாகத் தெரிந்தாலும் அனுமதிக்கு உட்பட்டவை. கடையாக்கும்போது சுவரில் ஒரு கல்கூட நகராமல் இருக்கலாம், ஆனால் கட்டடத்தின் பயன்பாடு மாறிவிடுகிறது. விதிப்படியே கட்டுவதாக விண்ணப்பிப்பவரே சான்றளிக்கும் சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கியது; அதன்படி, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. தாராசுரத்தில் என் நண்பர் ஒருவர், அந்த அனுமதியே போதும் என்று நினைத்து வேலையைத் தொடங்க இருந்தார். தொல்லியல் சட்டத்தின் அனுமதி தனி. ஒன்று கையில் இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது.

இந்தக் கட்டுப்பாடு குடியிருப்பவர்களுக்குப் பெரிய பாரம் என்பதை நான் மறுக்க மாட்டேன். வீட்டுக்கடன் வாங்குவதும், விற்பதும், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிப்பதும் இதனால் சிக்கலாகின்றன. ஆயினும் சிறுவயதிலிருந்து அந்தக் கோயிலைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், அது எதற்காக வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய அந்தக் கோயிலின் முன்புறம், நந்தியும் பலிபீடமும் இருக்கின்ற பகுதி, இன்றைய தெருமட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. நல்ல மழை பெய்தால் அங்கே தண்ணீர் கட்டி நிற்கும். சுற்றியுள்ள ஒவ்வொரு வீடும் மண் கொட்டி ஒன்றரை அடி உயர்த்திக்கொண்டால், அந்தத் தண்ணீர் போய்ச் சேருமிடம் எது என்பதை ஊரார் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்குப் பட்டா, பத்திரம், வீட்டின் படங்கள், வேலையின் விவரம், பொறியாளர் வரைந்த படம் ஆகியவற்றை எளிதில் திரட்டிவிட்டோம். 1992-க்கு முன்பே வீடு இருந்தது என்பதைக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. பத்திரத்தில் மனையின் அளவு இருந்ததே தவிர, பின்கட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மாவின் தகரப் பெட்டியில், நூலால் கட்டி வைத்த வீட்டு வரி ரசீதுகள் கிடைத்தன. ஓரங்கள் பழுப்பேறி மடிந்திருந்தாலும், 1984 முதலான ரசீதுகளில் பேரூராட்சி முத்திரையும் கதவு எண்ணும் தெளிவாக இருந்தன. அவற்றோடு, பின்கட்டுக் கிணற்றடியில் என் அக்காவின் காதுகுத்துக்கு எடுத்த ஒரு படத்தையும் இணைத்தேன். அதில் வடக்குச் சுவரும் கூரையின் சரிவும் நன்றாகத் தெரிகின்றன. ஊர் இப்போது கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்து, கதவு எண்களும் மாறிவிட்டதால், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வீட்டைக் குறிக்கின்றன என்பதற்கு ஒரு சான்றும் வாங்க வேண்டியிருந்தது.

காலக்கெடுவையும் சட்டமே சொல்கிறது. உரிய அதிகாரி பதினைந்து நாளுக்குள் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகும் என்பதால், அடுத்த மழைக்குமுன் வேலையை முடிக்க நினைப்பவர்கள் தை மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நாங்கள் தையில் கொடுத்தோம். வைகாசியில் அனுமதிக் கடிதம் வந்தது.

வேலையை வேறொரு கொத்தனாரிடம் ஒப்படைத்தேன். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்தவர், வயது எழுபதை நெருங்குகிறது. கூரைக்குச் சவுக்குக் கழியால் வரிசையாக முட்டுக் கொடுத்தார். சுவரை இரண்டிரண்டு அடியாகச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக உளுத்த கல்லை எடுத்து, நல்ல கல்லை வைத்துச் சுண்ணாம்புக் காரையால் கட்டி, அது இறுகிய பிறகே அடுத்ததில் கை வைத்தார். அரித்த நான்கு கைமரங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி மாற்றினார். பிரிப்பதற்கு முன்னும் கட்டிய பின்னும் ஒவ்வொரு இரண்டடியையும் நான் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தேன். இருபத்தாறு நாள் நடந்த வேலையில், வடக்குச் சுவர் ஒரு நாள்கூட முழுதாகத் தரைக்கு இறங்கவில்லை.