நீங்க சொன்னா சரிதான், சார்

"நீங்க சொன்னா சரிதான், சார்."

இருபத்தேழு வருடம் ஆகிறது. சொன்னவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் ஏறியிருந்த செம்பனை முள்ளை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தார். முள் வந்ததும் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு, படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அது பிடிஎஸ் முடிவு வந்த வாரம், 1998. இப்போது வேலைக்கு வருகிற ஆசிரியர்களுக்கு பிடிஎஸ் என்றால் விளக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் 1996இல் வந்தது, 2000த்தோடு போனது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைத்த சோதனை; அதில் சிறப்பாகச் செய்தவர்கள் நாலாம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்தாம் ஆண்டில் போய் உட்காரலாம். ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் அதற்குத் 'தாண்டுற பரீட்சை' என்றுதான் பேர்.

சோதனைக்கு முன்னால் தலைமையாசிரியர் கேட்டார், யார் யார் தேறுவார்கள் என்று. என் மூன்றாம் ஆண்டில் பதினோரு பேர். நான் யோசிக்கவே இல்லை, இரண்டு பேரை எழுதிக் கொடுத்தேன். ஒன்று கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்கரின் மகள், இன்னொன்று மளிகைக்கடைக்காரர் மகன். இரண்டு மாதம் சாயங்காலத்தில் அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து சொல்லிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேறியது மூன்றாவது ஒருவன். குலை வெட்டுகிறவரின் மகன்.

அவனிடம் அப்படி என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோழி கிளறின மாதிரி கையெழுத்து. கணக்கில் விடை மட்டும் இருக்கும், செய்முறை இருக்காது. சிவப்பு மையில் 'வழி எங்கே?' என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பிள்ளைகள் குறைவு என்பதால் மூன்றாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் ஒரே அறையில்தான். கரும்பலகையின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுவேன். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் நான்கு. இவன் இடது பக்கத்து வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு, வலது பக்கத்துக் கேள்விக்கு வாய்விட்டு பதில் சொல்லுவான். "உன் பக்கத்தைப் பாருடா" என்று நாளைக்கு நாலு தடவையாவது அதட்டியிருப்பேன். வாய்த்துடுக்கு என்றுதான் நினைத்தேன். மற்றவர்கள் வேலையைக் கெடுக்கிறான் என்பதும் உண்மைதானே.

அப்புறம் அவன் அப்பா வந்தார். தாண்ட விடலாமா வேண்டாமா என்று வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவெடுத்து வரவில்லை, என்னைக் கேட்க வந்தார். நான் சொன்ன காரணங்கள் எல்லாமே சரியான காரணங்கள்தான். பையன் சின்ன உடம்பு, ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் முரட்டு ஆட்கள். மலாய் மொழி அவனுக்கு வரவில்லை. அப்போது ஆறாம் ஆண்டு முடிவில் இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வில் மலாய் தேறாவிட்டால் இடைநிலைப்பள்ளியில் முதல் படிவத்துக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டும். இங்கே மிச்சம் பிடித்த வருடத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதில் என்ன லாபம்? நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்போடு படிப்பையே விட்டிருக்கிறார்கள் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு யாராவது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதோடு நிறுத்தவில்லை. இன்னொன்றும் சொன்னேன்.

"கெட்டிக்காரன்தான் அண்ணே. ஆனா நாலாம் ஆண்டுப் பாடத்தை ஒரு வருஷமா காதுல வாங்கிட்டே இருந்தான். அதுலதான் எழுதிட்டான். அதை வெச்சு முடிவு பண்ணக் கூடாது."

அதற்குத்தான் அவர் சரிதான் என்றார். இந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நாலாம் ஆண்டுப் பாடத்தைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டவனை, நாலாம் ஆண்டில் எதற்கு உட்கார வைக்க வேண்டும்? எட்டாம் வகுப்போடு நின்ற மனிதரே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று பழகிய ஆள். அந்தப் பழக்கத்தை நானும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

கிராணியின் மகள் தேறியிருந்தால் நான் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேனா? அவளும் அதே அறையில்தான் இருந்தாள், அவளுக்கும் அதே காதுதான். தெரியாது என்று எழுதத்தான் கை போகிறது. தெரியும். மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மறு வருடம் அவன் கோட்டின் வலது பக்கத்துக்கு வந்தான். அறையும் நானும் பாடமும் அதேதான். பின்னம் நடத்தும்போது கவனித்தேன், பதில் சொல்வதை நிறுத்தியிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையன் திருந்திவிட்டான் என்று எனக்குத் திருப்தி. தேர்ச்சி அறிக்கையில் 'ஒழுங்கு மேம்பட்டுள்ளது' என்று எழுதினேன்.

2001இல் பிடிஎஸ் இல்லை என்று ஆனபோது, பிள்ளைகள் மேல் பெற்றோரும் ஆசிரியர்களும் அளவுக்கு மீறி அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அப்போது வந்த நிம்மதியை என்ன சொல்ல. அரசாங்கமே என் பக்கம் என்று கொஞ்ச வருடம் ஓட்டினேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு கட்டுரை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரோவர்ட் என்று ஒரு மாவட்டம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மீத்திறன் வகுப்புக்கு யாரைச் சோதிப்பது என்பதை முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ சொல்ல வேண்டும். 2005இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வார்த்தை அதிகம் இல்லாத, வடிவங்களை வைத்து யோசிக்கிற ஒரு சோதனை வைத்தார்கள். அதில் மேலே வந்தவர்களுக்கு மட்டும் அடுத்து நுண்ணறிவுச் சோதனை. தகுதி அளவைக் குறைக்கவே இல்லை. அப்படியும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் கூடினார்கள். பிறகு பணமில்லாமல் திட்டத்தைச் சுருக்கியபோது பழைய நிலைமைக்கே திரும்பியது. டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. கார்டுக்குப் பின்னால் 2021இல் பொருளாதார நோபல் கிடைத்தது, அது வேறு வேலைக்காக. அந்தப் பிள்ளைகள் அதுவரைக்கும் எங்கே இருந்தார்கள்? ஆசிரியர் கண் முன்னால்தான் இருந்தார்கள். அந்த ஆய்வு என்னைப் பற்றியது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆனாலும் ஒன்று. எங்கள் ஊரில் சோதனை அவனைக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. எல்லோரையும் உட்கார வைத்தார்கள், சல்லடை ஒழுங்காக வேலை செய்தது. சல்லடைக்குப் பிறகு ஒரு மேசை இருக்கிறது, மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன். அதற்கு ஃபுளோரிடாவில் என்ன செய்கிறார்களோ.

பிராயச்சித்தம் மாதிரி ஒன்று செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். பாங்கியில் இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2009 முதல் மீத்திறன் பிள்ளைகளுக்கான பெர்மாதா பிந்தார் திட்டத்துக்காக யூகேஎம் 1 என்று இணையத்தில் ஒரு சோதனை வைத்தது. தேறினால் யூகேஎம் 2, அதிலும் தேறினால் பள்ளி விடுமுறையில் முகாம். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது; ஆனால் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குத் திறந்த கதவும் சுவரும் ஒன்றுதான். 2013இல் எங்கள் பள்ளியில் பத்து பேரைப் பதியச் சொன்னார்கள். வேலை செய்கிற கணினி ஆறுதான் என்பதால் பத்து. நான் வகுப்பு முழுவதையும் பதிந்தேன், இருபத்து மூன்று பேர். லைன் விட்டு விட்டு வந்தது. நாலு நாள் மதியம் உட்கார்ந்தோம். ஒரு பெண் பாதியில் தொடர்பு அறுந்து அழுதாள்.

இரண்டாம் கட்டத்துக்குப் போனது ஒரே ஒரு பையன். சொன்னபடி பத்து பேரை மட்டும் பதிந்திருந்தால் முதல் பேராக நான் எழுதியிருக்கக்கூடியவன். அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள், வீட்டில் இரண்டு கணினி. நாலு நாள் உழைப்பும் எனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொன்னது. சந்தோஷப்பட வேண்டுமா கூடாதா என்று தெரியவில்லை.

போன மாதம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் அந்தக் குலை வெட்டுகிறவர் மகனைப் பார்த்தேன். பெரிய மனிதன் ஆகிவிட்டான், ஆனால் எனக்கு 'அவன்'தான். சிங்கப்பூரில் மின்தூக்கி பழுது பார்க்கிற வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறான். நல்ல சம்பளம். புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்தானாம். அதைக் கேட்டதும், பார்த்தாயா என்று எனக்குள் ஒரு குரல் எழுந்தது, வெட்கமில்லாமல். பேச்சுவாக்கில் சொன்னான்:

"அங்க மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரு சோதனை வைக்கிறாங்க சார். கெட்டிக்காரப் பிள்ளைங்களைப் பொறுக்கி எடுக்க. எங்க மேனேஜர் மகளுக்கு அதுக்கே டியூஷன்."

1984இல் தொடங்கியது, நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் எடுப்பார்கள், அதையும் மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தார்கள் என்றெல்லாம் நான் அளந்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்: "நீயும் அப்படி ஒண்ணு எழுதினியே."

"நானா?"

"பிடிஎஸ். நம்ம பள்ளியில அந்த வருஷம் நீ ஒருத்தன்தான் தேறினே."

அவன் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பா ஒரு வார்த்தை சொல்லலையே, சார்."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் ஏன் தாண்டல?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. பழைய கணக்குக்கு விடை கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"வீட்டுல வேண்டாம்னுட்டாங்க" என்றேன். அது பொய்யில்லை. கடைசி வார்த்தை அவர்களுடையதுதான்.

அவன் தலையாட்டினான். எழுந்து போய் என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.