காத்து எழும்பறதுக்கு முன்னாடி

கோயமுத்தூர்ல ஆனி, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஊருக்கெல்லாம் சுகம், ரிமோட்ல சின்ன ஏரோப்ளேன் விடற எங்களுக்குத்தான் பெரிய கஷ்டம். ஒரு கிலோகூட இல்லாத ஃபோம் ப்ளேன அந்தக் காத்துல ஏத்துனா திரும்ப இறக்கறது உறுதியில்ல. அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஆறு மணிக்கே காட்டுல இருப்போம். எங்க பக்கம் தரிசாக் கெடக்கற நெலத்தக்கூட காடுன்னுதான் சொல்றது. எங்க பறக்க விடலாம்னு அரசாங்கம் காட்டற ட்ரோன் மேப்புல அந்த எடம் பச்சை மண்டலமான்னு பாத்துட்டு, காட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் போறோம், 400 அடிக்கு மேல ஏத்தறதே இல்ல. பீளமேட்டுல ஏர்போர்ட், சூலூர்ல ஏர்ஃபோர்ஸ் இருக்கற ஊரு, இந்த விஷயத்துல அசால்ட்டா இருக்கவே கூடாது.

நான் கிளப்புல சேந்தப்ப ரெடிமேட் ப்ளேன் ஒண்ணு வாங்கலாம்னுதான் போனேன். அங்க மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன் இருக்காரு, எங்க எல்லாருக்கும் அவருதான் வாத்தியார், அவரு "வாங்காத தம்பி, செய்யி, உடைஞ்சா எங்க ஒட்டறதுன்னு உனக்கே தெரியும்"னாரு. அப்புறம் மூணு வாரம் ராத்திரி ராத்திரி வீட்டு ஹால்ல 5 எம்எம் ஃபோம் போர்டும் கட்டரும் ஹாட் க்ளூவுமா உக்காந்திருந்தேன். இறக்கைய வளைக்கறதுதான் இதுல கைப்பழக்கம். உள்பக்கம் பேப்பர மட்டும் உரிச்சிட்டு, டேபிள் ஓரத்துல வச்சு உள்ளங்கையால அமுக்கி அமுக்கி மெதுவா இழுக்கணும், அவசரப்பட்டா மடிஞ்சு கோடு விழுந்துரும், அந்தக் கோட்டுலதான் பின்னாடி உடையும். க்ளூ ரொம்பச் சூடா இருந்தா ஃபோமே உருகிப் பள்ளமாயிரும், அதனால க்ளூ கன்ன ஆஃப் பண்ணிட்டு கொஞ்சம் பொறுத்துத்தான் வைக்கணும். 120 சென்டிமீட்டர் இறக்கை, உள்ள ஒரு கார்பன் ராடு, ஒரு மோட்டார், பத்து இஞ்ச் ப்ரொப்பெல்லர், மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்தற 30 ஆம்ப் ஈஎஸ்சி, இறக்கையோட பின் ஓரத்துல எய்லரான், வால்ல எலிவேட்டர்னு மடிஞ்சு அசையற துண்டுகள ஆட்டற 9 கிராம் சர்வோ நாலு, 2200 எம்ஏஹெச் லைப்போ பேட்டரி, எல்லாம் சேத்து 850 கிராம் வந்துச்சு.

அண்ணன் வந்து மொதல்ல பாத்தது சிஜி, அதாவது ப்ளேனோட எடை சமமா நிக்கற புள்ளி. இறக்கையோட முன் ஓரத்துல இருந்து பின் ஓரம் வரைக்கும் 20 சென்டிமீட்டர்னா, முன்னால இருந்து அஞ்சு ஆறு சென்டிமீட்டர்ல ரெண்டு பக்கமும் விரல் நுனிய வச்சுத் தூக்கணும், மூக்கு லேசாக் கீழ பாக்கணும். என்னோடது வால் தொங்குச்சு. வால் கனமா இருந்தா கெளப்புன உடனே மூக்கத் தூக்கிக்கிட்டு வேகம் போயி ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கறத விட்டுட்டு, விழுந்துரும், ரிமோட்ல இருக்கற ஸ்டிக்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பேட்டரிய ரெண்டு விரக்கடை முன்னால தள்ளி வெல்க்ரோ போட்டதும் சரியாப் போச்சு.

பறக்கறதுல கஷ்டமே ப்ளேன் நம்மளப் பாத்து வரும்போதுதான். போகும்போது நம்ம வலதும் அதோட வலதும் ஒண்ணு, திரும்பி வரும்போது மாறிரும், மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அண்ணன் சொல்லிக் குடுத்தது இதுதான்: நம்மளப் பாத்து வரும்போது எந்த இறக்கை சாயுதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கத் தள்ளு, சாயற செவுத்துக்கு முட்டுக் குடுக்கற மாதிரி. இன்னைக்கும் பதட்டமான நேரத்துல எனக்கு இந்த "முட்டுக் குடு"தான் காதுல கேக்குது.

நாலாவது மாசம் ஒரு நாள், முந்தின ராத்திரி சர்வோ மாத்துனேன், காலைல சீக்கிரம் போயிட்டேன், இன்னும் யாரும் வரல. காத்து வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டுன்னு கைல இருந்து வீசுனேன். இடது பக்கம் சாஞ்சுது, வலது குடுத்தேன், இன்னும் இடது சாஞ்சுது, இன்னும் குடுத்தேன், மூணே செகண்டு, மூக்கு மண்ணுல. எய்லரான் தலைகீழா வேலை செஞ்சிருக்கு. அண்ணன் வந்து திட்டவே இல்ல, உடைஞ்சத ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் குடுத்துட்டு "நீ செஞ்சத நீயே பாத்தா தப்பு தெரியாது தம்பி, இன்னொருத்தர் கண்ணு வேணும்"னாரு. அன்னையில இருந்து எங்க கிளப்புல யாரும் தனியா ப்ளேன வீசறதில்ல.

காத்து ஜாஸ்தியாகி யாரும் பறக்கவிடாத ஒரு காலைல அவருதான் மேனார்ட் ஹில் கதையச் சொன்னாரு. அமெரிக்காக்காரர், வயசாகி கண்ணு பெரும்பாலும் போயிருச்சு, காதும் சரியாக் கேக்காது, அவரும் நண்பர்களும் பல்சா மரத்துல செஞ்ச ப்ளேன், எரிபொருளோட சேத்தும் 5 கிலோவுக்குக் கம்மி. 2003 ஆகஸ்ட் 9 கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல கெளம்பி, நடுவுல ஆட்டோபைலட்ல போயி, கிட்டத்தட்ட 39 மணி நேரம் கழிச்சு அயர்லாந்துல இறங்குச்சு, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அதுக்கு முன்னாடி அனுப்புனது எதுவும் போயிச் சேரலயாம். அந்தக் கரையில நின்னு ஸ்டிக் புடிச்சு இறக்குனது டேவ் பிரவுன்ங்கற நண்பர். செஞ்சவரு இந்தக் கரைல, இறக்குனவரு அந்தக் கரைல. இதக் கேட்டு எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு.

பேட்டரி பத்தி ஒண்ணே ஒண்ணு, புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு கேளுங்க: சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க, வச்சிருக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க, உப்பிப் போனத மறுபடி சார்ஜ் போடவே போடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை எட்டாவது படிக்கற பையன் ஒருத்தன் அவனே செஞ்ச ப்ளேனோட வந்தான், அவங்கப்பா பைக்ல பின்னாடி உக்காந்து ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. அண்ணன் என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. நான் ப்ளேனுக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்தேன், பையனும் ரிமோட்டோட பக்கத்துல உக்காந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் பாத்துச் சொன்னான்.

"வலது குடு."

"வலது எய்லரான் மேலண்ணா."

"இழு."

"எலிவேட்டர் மேலண்ணா."

"சரி, எந்திரி. காத்துக்கு எதுக்க நில்லு."