தரவுத்தளத்தை விரிதாளோடு இணைத்த கதை

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கும் பொருள் விவரங்களைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளுக்குத் தானாகவே வரவழைக்கும் வேலையை நேற்று ஒருவழியாக முடித்தேன். ஷீட்ஸுக்கு நிரல் எழுத உதவும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில், வெளித் தரவுத்தளங்களோடு இணைவதற்கென்றே ஜேடிபிசி (JDBC) என்ற சேவை இருக்கிறது; கூகுளின் ஐபி முகவரிகளை நம் சர்வரின் ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அரண் அனுமதித்தால் இணைப்பு கிடைத்துவிடும்.

பொருளின் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் விலையைத் தேடித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதையே ஒவ்வொரு செல்லிலும் முதலில் பயன்படுத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 400 வரிகளுக்கு இழுத்துவிட்டதும், ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக இணைப்பைத் திறக்க முயன்றதால், பல இடங்களில் பிழைச் செய்தியே வந்து நின்றது. அத்தகைய ஃபங்ஷன் 30 விநாடிக்குள் விடை தந்தாக வேண்டும் என்பது வேறு ஒரு கட்டுப்பாடு. ஆகவே, மணிக்கு ஒருமுறை ஸ்கிரிப்டைத் தானாக இயக்கும் டிரிக்கர் ஒன்றை அமைத்து, தேவையான அட்டவணை முழுவதையும் ஒரே வினவலில் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளையில்) மறைத்துவைத்த தாளுக்குக் கொண்டுவந்து, தேடும் பொறுப்பை ஷீட்ஸில் வழக்கமாகத் தேடப் பயன்படும் VLOOKUP ஃபங்ஷனிடமே விட்டுவிட்டேன்.

அதன் பிறகும் சில குறியீட்டு எண்களுக்கு விடை வரவில்லை. என் வினவலைத்தான் அரைநாள் சந்தேகித்தேன், பாவம். தரவுத்தளத்தில் 00417 என்று எழுத்தாக இருந்ததைத் தாள் எண்ணாகக் கருதி 417 ஆக்கியிருந்தது. தரவை எழுதுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை வெறும் உரை வடிவத்துக்கு மாற்றியதும் எல்லாம் பொருந்தின.

ஸ்கிரிப்டுக்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, வாசிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருக்கிறேன்.